கணக்கைக் காட்டு, ஊருக்குக் காட்டாதே!

(ஆலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் பெற்றோர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



பண்ணையார் வீட்டுக் கணக்கு நோட்டை நம் பாட்டன்மார் ஒரு நாளும் பார்த்ததில்லை. இவ்வளவு நெல் கொடுத்தேன், இவ்வளவு கடன் நிற்கிறது என்று அவர் வாசிப்பார். இவர்கள் கைநாட்டு வைப்பார்கள். ஆலையிலே என்ன? நம் பெயருக்கு ஒரு பைல் உண்டு. அதில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்பது மெமோ வந்த பிறகுதான் தெரியும். இன்று நம் பிள்ளைகள் காலேஜுக்குப் போகிறார்கள். அங்கேயும் அவர்கள் பெயருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. விடைத்தாள், மார்க்கு, சாதி, தகப்பன் வருமானம், ஸ்காலர்ஷிப் எல்லாம் அதிலே இருக்கிறது. அந்தக் கணக்கு யாருடையது?

பரீட்சையில் பெயில் என்று வருகிறது. நன்றாகத்தானே எழுதினேன் என்று பிள்ளை அழுகிறது. விடைத்தாளைக் காட்டு என்றால் முன்பெல்லாம் காட்ட மாட்டார்கள். கல்கத்தா பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்த ஒரு மாணவர் விடவில்லை. 2005ம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பேரில் தன் தாளைக் கேட்டார். மறுத்தார்கள். ஹைகோர்ட்டுக்குப் போய் 2008ல் ஜெயித்தார். பல்கலைக்கழகம் அப்பீல் செய்து 2009ல் தோற்றது. இதே விஷயம் மத்திய செகண்டரி கல்விப் போர்டின் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வரை போயிற்று.

அங்கே போர்டு என்ன வாதாடியது தெரியுமா? விடைத்தாளை நம்பிக்கையின் பேரில் வைத்திருக்கிறோம், அதனால் காட்ட முடியாது என்றது! எழுதியவனுக்கே காட்டாத நம்பிக்கை யார்மேல் வைத்த நம்பிக்கை? 2011 ஆகஸ்டு 9ந் தேதி கோர்ட்டு அந்த வாதத்தைத் தள்ளியது. எழுதியவர் தன் தாளைப் பார்க்கலாம், நகலும் வாங்கலாம் என்றது. திருத்தியவர் பெயரை மட்டும் மறைத்துக்கொள்ளலாம். அது நியாயந்தான். திருத்தும் வாத்தியாரும் சம்பளத்துக்கு உழைப்பவர்; அவர் வீட்டு வாசலில் யாரும் போய் நிற்கக் கூடாது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இந்தச் சட்டத்தால் தாளைப் பார்க்கலாமே தவிர, மறுபடி திருத்து என்று கேட்க முடியாது. ஆனால் கூட்டல் தப்பும், திருத்தாமல் விட்ட பக்கமும் கண்ணில் படும். அதன் பிறகு பல்கலைக்கழகத்தின் விதிப்படி போராடலாம். தாள்களைக் குறிப்பிட்ட காலம்தான் வைத்திருப்பார்கள். ரிசல்ட் வந்தவுடனே மனுப் போட வேண்டும்.

கட்டணம்? மனுவுக்குப் பத்து ரூபாய், நகலுக்குப் பக்கம் இரண்டு ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர் சர்டிபிகேட்டு வைத்தால் அதுவும் இல்லை. பரீட்சை நடத்தும் ஸ்தாபனங்கள் சொந்த விதிப்படி நூற்றுக்கணக்கில் கேட்கின்றன. அந்த விதிப்படி கேட்டால் அந்தக் கட்டணம், சட்டத்தின் பேரில் கேட்டால் சட்டத்தின் கட்டணம் என்று 2019ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்த்துவிட்டது. ஆகவே மனுவில் சட்டத்தின் பெயரை மறக்காமல் எழுதுங்கள். முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு.

இனி மறுபக்கம். உரியவருக்குத் திறக்க வேண்டிய கணக்கை மற்றவருக்கு ஏன் திறக்கிறார்கள்? ஸ்காலர்ஷிப் வாங்குகிறவர் எழுந்து நில் என்று வகுப்பு நடுவே கூப்பிட்டால், அந்தப் பிள்ளை எந்தச் சேரி என்று நாற்பது பேருக்குத் தெரிந்துபோகிறது. 2023ல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைச் சக மாணவர்களே வெட்டினார்கள். அதன் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024ல் கொடுத்த அறிக்கையில், இப்படிப்பட்ட விஷயங்களை வகுப்பில் பகிரங்கமாகச் சொல்லக் கூடாது என்றது. அது பள்ளிக்கூடத்துக்குச் சொன்னது. காலேஜுக்கு மட்டும் வேறு நியாயமா? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017ல் ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் சொன்னது கோடீஸ்வரன் வீட்டுக்கு மட்டுமல்ல.

அசல் சர்டிபிகேட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு பீஸ் பாக்கி கேட்கிற அக்கிரமத்தையும் பல்கலைக்கழக மானியக் குழு 2018லேயே தடை செய்துவிட்டது. இன்னும் பிடித்து வைத்திருக்கிற இடங்கள் இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள்.

மனு பிள்ளையின் பெயரிலேயே, பிள்ளையின் கையெழுத்திலேயே போகட்டும். தகப்பன் பெயரில் போட்டு, மூன்றாம் ஆள் என்று தட்டிக்கழிக்க இடம் கொடுக்க வேண்டாம். எழுதத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் இங்கேயே இருங்கள். காகிதமும் பேனாவும் வைத்திருக்கிறோம்; ராத்திரி ஷிப்டுக்குப் போகிறவர்கள் மனுவை முதலில் எழுதுவோம்.