காப்பி இருக்கு, காகிதம் இல்லை

(காலாப்பட்டில் மாணவர்களிடம் பேசியது)

தோழர்களே, நான் வங்கியில எழுத்தர். கடன் கேட்டு வர்ற விவசாயிகிட்ட நாங்க முதலில் கேட்பது விளைச்சலை அல்ல, பட்டாவை. அந்தக் காகிதம் இல்லாதவன் எங்கள் ஏட்டில் விவசாயியே கிடையாது.

கூடலூரைப் பாருங்க. 2007ல் புலிகள் காப்பகமான முதுமலையின் ஓரம். அங்கே கால் ஏக்கர், அரை ஏக்கரில் காப்பி போட்டவர்களில் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழரும் உண்டு; பலர் நம் சேரிச் சனம். இவர்கள் பாட்டன் பூட்டனை வெள்ளைக்காரன் கடல் கடத்தியதே காப்பிக்காகத்தான். 1869ல் இலைத்துரு நோய் தொற்றிக் காப்பி அழிந்தது, தேயிலை வந்தது. 1964ல் சிறிமாவோவும் சாஸ்திரியும் தலையை எண்ணிப் பங்கு பிரித்தார்கள். அந்தத் தலைகளை யாரும் கேட்கவில்லை.

வந்து திருத்திய நிலமோ 1969ஆம் ஆண்டு ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிக் கிடக்கு. பட்டா இல்லை, பயிர்க்கடன் இல்லை. காய் பழுக்கும் முன்னே வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், அவன் சொன்னதுதான் விலை. 2024ல் லண்டன் சந்தையில் ரொபஸ்டா டன்னுக்கு 5,000 டாலரைத் தாண்டியது. முன்பணம் வாங்கியவனுக்கு அதில் என்ன?

2006 வன உரிமைச் சட்டம், பழங்குடி அல்லாதவனிடம் மூன்று தலைமுறை, 75 வருஷம், காட்டைச் சார்ந்து வாழ்ந்ததற்குச் சான்று கேட்குது. அந்த 75 வருஷம் அவன் இலங்கையில் லயத்துக்குள்ள கிடந்தான்!

யானை மிதித்தால் ஒரு போகம் போகும். காகிதம் மிதித்தால் தலைமுறையே போகும். காடும் இருக்கட்டும், புலியும் இருக்கட்டும். பணியர், குறும்பரோடு கைகோத்துக் கேட்போம்: எல்லைக்கல் நடும் அரசே, உழுகிறவன் பெயரையும் எழுது!