தொண்ணூறுகளின் ஆட்டப் பாட்டு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இம்மேடையில் குறளைப் பற்றியும் சிலம்பைப் பற்றியும் பேசுவதே மரபு. நானோ 1990களில் வந்த திரைப்பட ஆட்டப் பாட்டுகளைப் பற்றிப் பேச வந்துள்ளேன். விழா முடிவில் 'ரெட்ரோ' இரவு ஒன்று வேண்டும் என நம் இளைஞர்கள் கேட்டதும், அதனால் செயற்குழுவில் எழுந்த வாதம் இரண்டு கூட்டங்களை விழுங்கியதும் தாங்கள் அறிந்தவையே. "தமிழ் வளர்க்கும் மன்றத்தில் தெருக்கூத்தா?" என்று ஒரு பெரியவர் சினந்தார். தெருக்கூத்து இழிந்த கலையன்று என்பது வேறு செய்தி. வேண்டும் என்று வாதிட்டவர்களுள் நானும் ஒருவன். ஆகவே விளக்கம் கூறும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

1992இல் 'ரோஜா' வந்தது. அடுத்த ஆண்டு 'ஜென்டில்மேன்' படத்தில் சிக்குபுக்கு ரயில் ஓடிற்று. 1994இல் 'காதலன்' வெளிவந்தது. முக்காலா, ஊர்வசி, பேட்டை ராப் ஆகிய மூன்றும் அந்த ஒரே படத்தின் பாட்டுகள். இன்றும் ரெட்ரோ இரவு என்றால் இவை இல்லாமல் நிறைவு பெறுவதில்லை. ஏன்?

ஓசை ஒரு காரணம். அதற்கு முன் பெரும்பாலும் வாத்தியக் குழு முழுவதும் கூடத்தில் ஒருங்கே அமர்ந்து வாசிக்க, பாட்டு பதிவாயிற்று. ஏ. ஆர். ரஹ்மான் கோடம்பாக்கத்தில் தம் இல்லத்தை ஒட்டி அமைத்த பதிவுக்கூடத்தில், கணினியின் துணையால் ஓசையின் மேல் ஓசையாக அடுக்கினார். தாளத்தின் அடியொலி தனியே துலங்கி நெஞ்சில் அறைந்தது. அன்றைய டேப் ரிக்கார்டரில் கேட்டதைவிட இன்றைய பெரிய ஒலிபெருக்கியில் அது இன்னும் நன்றாகவே ஒலிக்கிறது. அதனாற்றான் அப்பாட்டுகளுக்கு நரை விழவில்லை.

ஆட்டம் மற்றொரு காரணம். நடன ஆசிரியர் சுந்தரத்தின் மகன் பிரபுதேவா, பரதம் பயின்றவர். எலும்பே இல்லாதவர் போல் அவர் ஆடியபோது, மைக்கேல் ஜாக்சனின் பாதிப்பு என்றனர் பலர். பாதிப்பு இருந்தது, ஆயினும் காலடியின் கணக்கு நம்முடையது. பின்னர் 'மின்சாரக் கனவு' படத்திற்காக அவருக்கு நடன அமைப்புக்கான தேசிய விருதும் கிடைத்தது.

இவ்வளவும் சென்னையில் இருப்பவர்க்கும் பொருந்தும். தில்லியில் வளர்ந்த நமக்கு இன்னொரு கணக்கு உண்டு. 1968இல் வெளிவந்த 'படோசன்' என்னும் இந்திப் படத்தை மூத்தோர் பலர் பார்த்திருப்பீர்கள். அதில் குடுமியும் வேட்டியுமாக வரும் தென்னாட்டுப் பாட்டு வாத்தியாராக மெஹ்மூத் நடித்தார். பாட்டுப் போட்டியில் அந்த வாத்தியார் தோற்பார், கொட்டகை சிரிக்கும். அந்தச் சிரிப்பு கொட்டகையோடு நிற்கவில்லை. நான் எட்டாம் வகுப்பில் படித்தபோதும் என் பெயரைச் சொல்லி அழைத்தவர் சிலரே. 'மதராஸி' என்றவரே பலர். என் தயிர்சாதப் பாத்திரத்தைத் திறக்கும்போதெல்லாம் ஒருவன் "ஐயையோ" என்று இழுப்பான்.

அந்நாளில்தான் 'காதலன்' இந்தியில் 'ஹம்ஸே ஹை முக்காப்லா' என்னும் பெயரோடு இங்கு வந்தது. எங்கள் சந்தில் குதிரைமேல் சென்ற மாப்பிள்ளைக்கு முன்னே பேண்டு வாத்தியக்காரர் அம்மெட்டையே முழக்கினர். "ஐயையோ" என்று இழுத்த அதே பையன் ஒருநாள் மாலை எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினான். "உன்னிடம் மதராஸி காசெட் இருக்கிறதாமே?" என்றான். மொட்டை மாடியில் இருவரும் இருட்டும் வரை ஆடினோம். அவன் என்னிடம் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. மறுநாளிலிருந்து என்னைப் பெயர் சொல்லி அழைத்தான். ரெட்ரோ இரவில் நாற்பது கடந்த என் போன்றோர் மூச்சிரைக்க ஆடுவதைக் கண்டு நகைப்பவர்கள் இதனை நினைவிற் கொள்க!

ஆனால் பெருமையோடு நிறுத்திவிட்டால் நான் உண்மையை மறைத்தவனாவேன். வடக்கே வந்தது மெட்டு. மொழி வாயிலிலேயே நின்றுவிட்டது. முக்காலாவுக்கு வாலி எழுதிய தமிழ் போய், பி. கே. மிஸ்ரா எழுதிய இந்தி வந்தது. முக்காப்லா என்பது வடக்கே வழங்கும் சொல். போட்டி என்று பொருள். தமிழ்ப் பாட்டே அந்தச் சொல்லைக் கடன் வாங்கித்தான் தொடங்குகிறது என்பது ஒரு வேடிக்கை. அப்பாட்டின் இறுதியில் ஆடுவோர் உடல் மறைந்து, தொப்பியும் உடையும் மட்டும் ஆடுமே, நினைவிருக்கிறதா? அதுபோல மொழி மறைந்து மெட்டு மட்டும் ஆடியது.

2020இல் 'ஸ்ட்ரீட் டான்ஸர்' என்னும் இந்திப் படத்திற்காக அதே மெட்டு மீண்டும் புதுக்கப்பட்டது. அதிலும் பிரபுதேவாவே ஆடினார். சென்ற குளிர்காலத்தில் நம் குடியிருப்பில் நடந்த விருந்தில் அது ஒலித்தபோது, பன்னிரண்டு வயதான என் மகள் துள்ளி ஆடினாள். "இது முதலில் தமிழ்ப்பாட்டு" என்றேன். "அப்படியா அப்பா? தமிழிலும் உண்டா?" என்று இந்தியில் கேட்டாள். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. என் சந்துப் பையனுக்குத் தெரிந்த அளவே என் மகளுக்கும் தெரிந்திருந்தது!

இளமையிற் கேட்ட பாட்டே முதுமை வரை இனிக்கும் என உளநூலார் கூறுவர். அது நமக்குப் பொருந்தும். 2010க்குப் பின் பிறந்த பிள்ளைகளுக்குப் பொருந்துமா? அவர்களை இழுப்பது தாளமே. இழுத்துக் கொண்டு வந்து விடுவது எந்த வாசலில் என்பது நம் கையில் இருக்கிறது. செயற்குழுவில் நான் வாதிட்டது இதற்காகவே. எதிர்த்துப் பேசிய பெரியவரின் கவலையும் என் கவலையும் உண்மையில் ஒன்றே.

இன்றிரவு எட்டு மணிக்கு நாற்காலிகள் அகற்றப்படும். டி.ஜே.யாக வரும் இளைஞர் பஞ்சாபி. இந்திப் பதிவுகளையே வைத்திருந்தார். தமிழ்ப் பதிவுகளை நான் கொடுத்துள்ளேன். முக்காலாவில் மனோவோடு பாடிய ஸ்வர்ணலதா 2010இல் மறைந்துவிட்டார். அக்குரலை நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் கேட்கட்டும். இடையில் பேட்டை ராப்பும் வரும். அதிலுள்ள சென்னைப் பேச்சில் பாதி, தில்லியில் வளர்ந்த எனக்கே விளங்காது. விளங்கியவர்கள் பக்கத்தில் ஆடும் பிள்ளைகளுக்குப் பொருள் சொல்லுங்கள், எனக்கும் சொல்லுங்கள்.