இளமையில் செவி ஏற்ற இசை
(குடமுழுக்கு விழாச் சொற்பொழிவு)



சீகாழித் திருக்குளக் கரையில் மூன்றாண்டுக் குழந்தை ஞானப்பால் உண்டு பாடத் தொடங்கிய வரலாற்றை இம்மன்றத்தில் அறியாதார் இலர். அதனை அடுத்து நிகழ்ந்ததனை மட்டும் ஈண்டு நினைவு கூர்தல் தகும். திருக்கோலக்காவில் அப்பிள்ளையார் கையினால் தாளம் ஒற்றிப் பாடினார். இளங்கைகள் சிவந்தன. அது கண்டு பொறாத இறைவர் ஐந்தெழுத்துப் பொறித்த பொற்றாளம் அருளினார் என்பது சேக்கிழார் பெருமான் உரைக்கும் வரலாறு. கை வருந்துகின்றது, பாட்டை நிறுத்துக என்று அருளினாரில்லை, தாளத்தைத் தந்தருளினார்.

சம்பந்தப் பெருமானுக்கு இசை திருவருளால் வந்தது. ஏனை மக்களுக்கு அது செவி வழியாகவே வருதல் வேண்டும். அதுவும் இளமையிலேயே வருதல் வேண்டும். அங்ஙனம் இளமையிற் புகுந்த இசையைப் பின்னர் ஒருவர் கடமை கருதித் தாமே விலக்கிவிட்டால், அஃது அவரை விட்டு நீங்குமோ? இவ்வினாவிற்கு விடையாக விளங்குவது மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்களின் வாழ்க்கை. ஏடு தேடிய பெரியார் என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் இசைக் குடியில் தோன்றியவர் என்பதும், இசையை ஒருநாள் துறந்தவர் என்பதும் அத்துணைப் பரவிய செய்திகள் அல்ல.

ஐயரவர்கள் 1855 ஆம் ஆண்டு பிறந்தார்கள். ஊர் உத்தமதானபுரம். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீதமே சீவனமாகக் கொண்டவர். அவர், தம் உறவினரும் உடையார்பாளையம் சமஸ்தான வித்துவானுமாகிய கனம் கிருஷ்ணையரிடத்துக் குருகுலவாசம் செய்து இசை பயின்றவர். கனமார்க்கம் என்பது நாபியினின்று எழும் பெருங்குரலிற் பாடும் அரிய முறை. பொப்பிலி கேசவையா என்பாரால் அது தமிழ்நாட்டிற்கு வந்தது. அதனை இங்கே கடும்பயிற்சியால் கைவரப் பெற்றவர் கிருஷ்ணையர். அவருடைய கீர்த்தனங்கள் வேங்கடசுப்பையர் வீட்டில் நாள்தோறும் ஒலித்தன. தொட்டிலிற் கிடந்த குழந்தைக்குத் தாலாட்டும் பாடமும் அவையே என்னலாம். செல்வம் என்று சொல்லத்தக்கது ஒன்றும் அவ்வீட்டில் இருந்ததில்லை. இராமாயணப் பிரசங்கம் செய்து ஊர் ஊராகச் சென்று குடும்பத்தைக் காத்தவர் தந்தையார். அரியிலூர், குன்னம் என்று குடும்பம் இடம் மாறும்போதெல்லாம் உடன் சென்ற முதுபொருள் அவ்விசை ஒன்றே.

அரியிலூரில் சடகோபையங்கார் என்னும் தமிழாசிரியர் வாய்த்தார். அவரும் இசை வல்லவர்; செய்யுளை வறிதே படியாது இராகத்தோடு பாடிப் பொருள் சொல்லும் இயல்பினர். சிறுவர் உள்ளத்தில் தமிழ்ச்சுவை முதன்முதல் ஊறியது அவரிடத்தேதான். இதனை உற்று நோக்குதல் வேண்டும். இசைக்குப் பழகிய செவியாதலின் அதன் வாயிலாகவே தமிழும் உள்ளே சென்றது. தமிழ் என்றும் இசை என்றும் அப்பிள்ளைக்கு அப்போது இரண்டாகத் தோன்றியிருக்க இடமில்லை.

திருப்பணிக்குப் பொருள் உதவிய அன்பர்கள் இடையே ஒன்று கேட்டருள வேண்டும். ஓதுவார் நிற்கும் இடத்தை வறிதாக விட்டு, பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் விடுத்து அமைந்துவிடும் வழக்கம் சில திருக்கோயில்களிற் புகுந்திருக்கின்றது. ஓதுவார் வாயைப் பார்த்து நின்று கேட்கும் சிறுவன் கற்பது வேறு. எங்கோ உயரத்திலிருந்து வரும் ஒலியைக் கேட்பவன் கற்பது வேறு. நிற்க.

1871 ஆம் ஆண்டு, பதினேழாம் வயதில், சாமிநாதையர் மாயூரத்திலிருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்க வந்து சேர்ந்தார். அவ்வூரிலேதான் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் இருந்தார். மகன் தமிழொடு இசையையும் விடாது பயிலவேண்டும் என்பது தந்தையார் விருப்பம். அவ்வாறே பாரதியாரிடமும் பயிற்சி தொடங்கிற்று. ஓர் ஊரில் இருபெருங் குரவர். இரண்டு கல்வியும் கைக்கெட்டும் தூரத்தில்! அந்நிலை நெடுநாள் நீடிக்கவில்லை. செய்தி பிள்ளையவர்கள் செவிக்கு எட்டியது. இசையில் மிகுந்த பழக்கம் உண்டானால் இலக்கண இலக்கியங்களில் அறிவு ஆழ்ந்து செல்லாது என்று அவர்கள் கருத்து அறிவித்தார்கள். மாணாக்கர் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. பாரதியாரிடம் பயில்வது அத்துடன் நின்றது.

இதுகொண்டு பிள்ளையவர்களை இசையறியாதார் என்று எண்ணுதல் கூடாது. நந்தனார் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டிப் பாரதியார் பலமுறை வந்தபோது, இலக்கண வழுக்களை எண்ணிப் பிள்ளையவர்கள் காலம் நீட்டித்தார்கள். ஒருநாள் அவர்கள் உள்ளே ஓய்வு கொண்டிருக்க, வெளியே காத்திருந்த பாரதியார் தமக்குள்ளே உருகிப் பாடலானார். கேட்ட பிள்ளையவர்கள் நெஞ்சு கனிந்து பாயிரம் அளித்தார்கள். வழுவை நோக்கிய இலக்கணப் புலமையை இசை அன்று வென்றது. இசையின் ஆற்றலை அறிந்தவராதலின், அது மாணாக்கரை முழுதும் இழுத்துக்கொள்ளும் என்று அஞ்சினார்கள் போலும். அவ்வச்சம் தவறானது என்று கூறுவதற்கில்லை. ஆயினும் இளைஞர் இழந்ததும் சிறிதன்று.

துறந்த இசை வேறு வழியிற் புறப்பட்டது. திருவாவடுதுறையில் அக்காலத்து ஆதீனகர்த்தராக விளங்கிய சுப்பிரமணிய தேசிகர் இசையின் நுட்பம் உணர்ந்தவர். கல்லிடைக்குறிச்சியில் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகிய வைத்தியநாதையர் பாடி 'மகா' என்னும் பட்டம் பெற்றது அவர் முன்னிலையிலேதான். அத்தகைய அவைக்களத்தில் சாமிநாதையர் செய்யுட்களை இராகத்துடன் படித்தார். தேசிகர் கேட்டு மகிழ்ந்தார். தை அசுவதிக் குருபூசைக்கு வந்து கூடும் நாகசுரக்காரரும் வாய்ப்பாட்டு வித்துவான்களும் முழங்கிய முழக்கமும் அம்மாணாக்கர் செவிக்கு விருந்தாயிற்று. பாரதியாரிடம் நின்ற பாடம் மடத்தில் வேறு வடிவில் நடந்தது எனலாம்.

1892 இல் ஐயரவர்கள் சிலப்பதிகாரத்தை அடியார்க்கு நல்லார் உரையோடு பதிப்பித்தார்கள். அரங்கேற்று காதையின் உரை இசை நூற் கடல். இசை நுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணனார் நாடகத் தமிழ்நூல் என்பவற்றைத் துணைகொண்டு எழுதப்பட்டது அவ்வுரை. அந்நூல்கள் ஐயரவர்களுக்குத் துணைசெய்யும் நிலையில் இல்லை. கீர்த்தனம் கற்ற பயிற்சி பழம்பண்களின் இலக்கணத்தை விளக்கிவிடாது என்பது மெய்யே. ஆயினும் சுருதியும் தாளமும் அறியாத ஒருவர் கையில் அவ்வேடு கிடைத்திருந்தால், அப்பகுதி வந்தவுடன் கட்டி வைத்திருப்பார். ஐயரவர்கள் கட்டி வைக்கவில்லை.

எண்பதாண்டை ஒட்டிய முதுமையில் அவர்கள் எழுதியவற்றுள் மூன்று வரலாறுகள் உள. கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் என்னும் இம்மூவர் வரலாறே பின்னர்ச் 'சங்கீத மும்மணிகள்' எனப் பெயர் பெற்றது. முதல்வர் தந்தையாரின் குரு. இரண்டாமவர் தாம் சில காலமே கற்ற குரு. மூன்றாமவர் மடத்துச் சூழலிற் கேட்டு வியந்தவர். மூவரும் இளமையிற் செவி ஏற்றவர்களே. பாட்டனார் காலத்துக் கீர்த்தனங்களைத் தந்தையார் வாயிற் கேட்டவாறே நினைவிற் கொண்டிருந்து உலகிற்கு அளித்தார்கள்.

1940 முதல் ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தை எழுதலானார்கள். ஆசிரியர் இசையை விடச் சொன்னதனை அதிற் குறையாகச் சொல்லவில்லை. பாரதியாரிடம் பயின்றதனை மறைக்கவும் இல்லை. 1942 ஏப்ரல் மாதம் அவர்கள் மறைந்தமையால் அச்சரித்திரம் நடுவிலேயே நின்றது. மாயூரத்து நாட்கள் மட்டும் அதில் முழுமையாக இருக்கின்றன.