தராசில் 8 முழுசா எரியுதா?

(நல்லம்பள்ளியில் குழு உறுப்பினர்களிடம் பேசியது)



புளி எடை போடும் மின்னணுத் தராசுல சுவிட்ச் போட்டதும் பலதுல 88888னு வந்து மறையும், கவனிச்சிருக்கீங்களா? ஒவ்வொரு எண்ணும் ஏழு சின்ன எல்.இ.டி. கோடுகளால் ஆனது. ஏழும் எரிந்தால்தான் 8. எது எரியணும்னு உள்ளே உள்ள மைக்ரோகன்ட்ரோலர் சில்லு சொல்லும். பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஓர் எண்ணைத்தான் எரிய வைக்கும்; வேகமாக மாறுவதால் எல்லாம் சேர்ந்தே தெரியுது.

ஒரு கோடு கெட்டுப்போனா சில்லுக்குத் தெரியாது. கடைசி எண்ணில் நடுக்கோடு எரியலைன்னா 48 கிலோ 40 ஆயிடும். வியாபாரி ஏமாத்தணும்னுகூட இல்லை, 8 கிலோ புளிக்காசு போச்சு! மேல்கோடு போனால் 17, 11 ஆகத் தெரியும்.

அதனால மூட்டையை ஏத்துறதுக்கு முன்னாடி ஒருதடவை அணைச்சுப் போடச் சொல்லி, எட்டுகளைப் பாருங்க.