லைன் கிளியர் இல்லாத பாதை

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



கணிப்பொறி வலையில் உண்டாகும் நெரிசலைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் பணித்தபோது நாம் சற்றே தயங்கினோம். நாம் பொறியியல் கற்றவரல்லோம். இரயில்வே அலுவலகக் கோப்புகளோடு காலங் கழிப்பவர். எனினும், ஒரே பாதையில் பல வண்டிகள் ஓட வேண்டுமானால் எது முந்துவது, எது காத்திருப்பது என்னும் வழக்கு இரயில்வேக்காரருக்குப் புதிதன்று. அன்றியும், இப்பொருளை ஆராயத் தூண்டிய நிகழ்ச்சி நமது இல்லத்திலேயே நடந்தது. அதை முதலிற் கூறிவிடுகிறோம்.

சென்ற ஆண்டு ஊரில் நமது தந்தையாருக்குத் திடீரென உடல்நலம் குன்றியது. தங்கை அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, வீடியோ அழைப்பில் நம்மைக் கூப்பிட்டாள். "அண்ணா, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். கையெழுத்துப் போடட்டுமா?" என்றாள். அவள் முகம் தெளிவாகத் தெரிந்தது. குரலும் தெளிவாகக் கேட்டது. "போடம்மா" என்றோம். "கேட்கவில்லை அண்ணா" என்றாள். உரக்கக் கூறினோம். "கேட்கவில்லை, கேட்கவில்லை" என்று அழத் தொடங்கினாள். இறுதியில் தானே துணிந்து கையெழுத்திட்டாள். இறைவன் அருளால் தந்தையார் பிழைத்தெழுந்தார். ஆயினும் அந்தப் பத்து நிமிடத்தை நாங்கள் இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் இணைப்புக் கொடுத்த நிறுவனத்தாரைக் கடிந்துகொண்டோம். மாதந்தோறும் கூடுதல் பணம் கட்டி, வேகம் மிகுந்த இணைப்பையும் பெற்றோம். குறை தீரவில்லை. ஏன் தீரவில்லை என்பதை விளங்கிக்கொள்ள, வலையின் இயல்பை அறிதல் வேண்டும்.

பழைய தொலைபேசியில் இருவர் பேசினால், பேச்சு முடியும்வரை அவர்களுக்கென்றே ஒரு தடம் ஒதுக்கப்பட்டிருந்தது. முன்பதிவு செய்த இருக்கையைப் போன்றது அது. இணையம் அத்தகையதன்று. அங்கே ஒவ்வொரு செய்தியும் சிறு சிறு சிப்பங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சிப்பம் பெரும்பாலும் 1,500 பைட்டுக்கு மேற்படுவதில்லை. எல்லாருடைய சிப்பங்களும் ஒரே கம்பியில் கலந்து செல்கின்றன. சந்திப்புதோறும் ரவுட்டர் என்னும் பெட்டி, விலாசத்தைப் பார்த்து அவற்றை அடுத்த பாதையில் தள்ளுகிறது. வரவு மிகுந்தால் சிப்பங்கள் வரிசையில் காத்திருக்கின்றன. வரிசையும் நிரம்பினால், அதன்மேல் வருபவை கைவிடப்படுகின்றன.

நமது இரயில்வேயில் அடுத்த நிலையத்தார் லைன் கிளியர் கொடுத்தாலன்றி வண்டி புறப்படாது. இணையத்தில் லைன் கிளியர் கிடையாது. அனுப்புபவர் வழியிலுள்ள எவரையும் கேளாமலே அனுப்புகிறார். அங்ஙனமாயின் பெருங்குழப்பம் நேராதோ என்று கேட்கலாம். நேர்ந்தது.

இத்தகைய ஆபத்து வரக்கூடுமென்று ஜான் நேகிள் என்னும் அமெரிக்க அறிஞர் 1984ஆம் ஆண்டிலேயே எழுதி எச்சரித்தார். 1986 அக்டோபரில் அது கண்கூடாயிற்று. கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையே 400 கஜ தூரந்தான். அவ்விரண்டுக்குமிடையே வினாடிக்கு 32,000 பிட் அளவில் ஓடிக்கொண்டிருந்த செய்தி, வெறும் 40 பிட்டாகச் சுருங்கிற்று. அதாவது 800இல் ஒரு பங்கு. ஒரு வினாடிக்கு ஐந்து ஆங்கில எழுத்து! அக்கடிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தே போய்க் கொடுத்திருந்தால் விரைவாகச் சேர்ந்திருக்கும்.

கம்பி அறுந்ததா? இல்லை. கம்பி நிறையச் சிப்பங்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. அனுப்பிய சிப்பத்துக்கு ரசீது வரத் தாமதமாகவே, தவறிவிட்டது போலும் என்று எண்ணி, அனுப்பியவர் அதையே மீண்டும் அனுப்பினார். எல்லாரும் அவ்வாறே செய்தனர். பாதை முழுதும் பழைய சிப்பங்களின் நகல்களால் நிரம்பிற்று. டிக்கெட் ஜன்னலில் பதில் வரவில்லையென்று எல்லாரும் ஒருங்கே உரக்கக் கூவினால், உள்ளிருக்கும் எழுத்தருக்கு ஒருவர் குரலும் விளங்காதல்லவா? அதுவே அங்கு நேர்ந்தது.

இதற்குத் தீர்வு கண்டவர்களுள் முதன்மையானவர் வான் ஜேக்கப்சன். அவரும் மைக்கேல் கேரல்ஸும் 1988இல் வெளியிட்ட கட்டுரை, இத்துறையில் ஒரு திருப்பமாயிற்று. அவர்கள் புதுக் கம்பி போடச் சொல்லவில்லை. வழியெங்கும் காவலரை நிறுத்தவும் சொல்லவில்லை. அனுப்புபவரின் நடத்தையைத் திருத்தினர். முதலில் சிறிதளவே அனுப்புக. ரசீது ஒழுங்காக வரவர அளவைக் கூட்டுக. சிப்பம் தவறியதென்று தெரிந்தால், பாதை நெருக்குண்டிருக்கிறது என்று உணர்ந்து, அளவைப் பாதியாகக் குறைத்துக்கொள்க. பின்னர் மெல்ல மெல்ல ஏறுக. ஒரு சிப்பம் வெளியேறிய பின்பே அதனிடத்தில் மற்றொன்று புக வேண்டும் என்பது அவர்கள் கொண்ட நெறி. ஒரு பிளாக்கில் ஒரு வண்டி என்னும் நமது பழைய விதிக்கு இது தம்பி முறை எனலாம். ஆனால் இங்கே அவ்விதியைக் காப்பவர் நிலைய அதிகாரி அல்லர், அனுப்புபவர்தாம்.

ஏறும்போது ஒவ்வொரு படியாக ஏறி, இறங்கும்போது பாதியாக இறங்குவது ஏன்? பலர் ஒரே பாதையைப் பகிரும்போது, மிகுதியாக வைத்திருப்பவர் இவ்வாறு இழப்பதும் மிகுதி. நாளடைவில் எல்லாருடைய பங்கும் ஏறக்குறைய நிகராகிவிடும். இதனை 1989இல் சியூ, ஜெயின் என்னும் இருவர் கணக்கிட்டு நிறுவினர்.

இனி நமது இல்லத்துக்கு வருவோம். தங்கையின் குரல் நம்மை எட்டியது; நமது குரல்தான் அவளை எட்டவில்லை. வரும் பாதை நன்றாக இருந்தது. போகும் பாதை அடைபட்டிருந்தது. நாம் கூடுதல் பணம் கொடுத்து விரிவாக்கியதோ வரும் பாதையை மட்டுமே! போகும் பாதையை அடைத்தது யார்? நமது காலனியில் கணிப்பொறி அறிந்த இளைஞர் ஒருவர் வந்து பார்த்துக் கூறினார். உறவினர் திருமணத்தில் எடுத்த வீடியோக்களை, நமது மகனின் கைப்பேசி தானாகவே இணையச் சேமிப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தது. நிறுவனத்தாரைக் கடிந்தோமே, அடைப்பு நம் வீட்டினுள்ளேயே இருந்தது.

எனில், வேகத்தைப் பாதியாகக் குறைக்கும் விதி அங்கே ஏன் உதவவில்லை? சிப்பம் தவறினால்தான் அனுப்புபவருக்கு நெரிசல் தெரியும். நினைவகம் மலிந்தமையால், பெட்டி செய்வோர் வரிசைக்கு மிகப் பெரிய இடம் ஒதுக்கினர். எதுவும் தவறவில்லை, எல்லாம் காத்துக் கிடந்தன. ஒரு கணக்குப் பார்ப்போம். போகும் பாதையில் வினாடிக்கு 10 லட்சம் பிட் செல்லும் என்க. வரிசையில் 2,50,000 பைட், அதாவது 20 லட்சம் பிட், நிற்கின்றன. பின்னால் வந்து நிற்கும் சொல் 2 வினாடி காத்திருக்க வேண்டும். உரையாடல் இயல்பாக அமைய, ஒரு திசைத் தாமதம் ஒரு வினாடியில் 1,000இல் 150 பங்கைத் தாண்டாதிருத்தல் நன்று என்பது உலகத் தொலைத்தொடர்புச் சங்கத்தின் பரிந்துரை. கடிதம் 2 வினாடி தாமதித்தால் குற்றமில்லை. "போடம்மா" என்னும் சொல் தாமதித்தால்?

இந்நோய்க்கு பஃபர்புளோட், அதாவது வரிசை வீக்கம், என்று பெயர். ஜிம் கெட்டிஸ் என்பவர் 2010இல் தமது வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு உலகறியச் செய்தார். 2012இல் கேத்லீன் நிக்கல்ஸும், முன்னர்ச் சொன்ன ஜேக்கப்சனும் மருந்து கண்டனர். வரிசையின் நீளத்தைப் பாராதே. சிப்பம் காத்திருக்கும் நேரத்தைப் பார். அது மிகுந்துகொண்டே நின்றால் ஒரு சிப்பத்தைக் கைவிடு. அனுப்புபவர் உணர்ந்து குறைத்துக்கொள்வார். கோடல் என்பது இம்முறையின் பெயர். ஒவ்வோர் உரையாடலுக்கும் தனி வரிசை வைத்து, முறைபோட்டு அனுப்பும் ஏற்பாடும் இதனோடு சேர்ந்தது.

முந்துரிமை என்பது வேறொரு வழி. சிப்பத்தின் மேல் அவசர முத்திரை இடலாம். 1998இல் வகுத்த முறைப்படி 64 வகை முத்திரைக்கு இடமுண்டு. நமது வீட்டுப் பெட்டி அதை மதிக்கும்; பிறர் வலை மதிக்குமென்ற உறுதி இல்லை. அன்றியும், எல்லாரும் அவசர முத்திரை இட்டால் எவருக்கும் அவசரமில்லை. விபத்து நடந்த இடத்துக்கு விரையும் நிவாரண வண்டிக்கு மற்ற எல்லா வண்டியும் வழிவிடுகின்றன. அது கட்டணத்தால் வந்த உரிமையன்று. தேவையால் வந்த உரிமை. வலையிலும் பணம் படைத்த தளத்துக்கு ஒரு நீதி, மற்றவர்க்கு ஒரு நீதி கூடாது என்னும் நோக்கில், 2016 பிப்ரவரியில் நமது நாட்டு டிராய் ஆணையம், உள்ளடக்கத்தைப் பொறுத்து வேறுவேறு கட்டணம் வாங்குவதைத் தடை செய்தது நினைவிருக்கலாம்.

அன்பர்களே, ஞாயிறு மாலையில் நமது காலனியில் வீட்டுக்கு வீடு ஊருக்குப் பேசுகிறோம். ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுமாறு வேண்டுகிறோம். முதலாவது, சோதனை. வீட்டில் எவரும் வலையைப் பயன்படுத்தாதபோது, பிங் என்னும் கருவியால் ஒரு சிப்பம் போய்த் திரும்பும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு ஒரு பெரிய வீடியோவை ஏற்றிக்கொண்டே மீண்டும் அளவிடுங்கள். நேரம் பன்மடங்காகப் பெருகினால் உங்கள் வீட்டிலும் அவ்வீக்கம் உண்டு. இரண்டாவது, உங்கள் ரவுட்டரில் எஸ்.கியூ.எம். என்னும் வரிசை மேலாண்மை இருந்தால் அதை இயக்கி, வேகத்தை இணைப்பின் அளவுக்குச் சற்றுக் கீழே வையுங்கள். வரிசை வெளியே எங்கோ சேராமல், நம் கைக்கு அடங்கிய பெட்டியிலேயே சேரும். மூன்றாவது, தானாக ஏற்றும் வேலைகளை நள்ளிரவுக்கு மாற்றிவிடுங்கள். இதற்குக் காசு செலவில்லை.

நாம் அதிக வேகத்தை விலைக்கு வாங்கி ஏமாந்தோம். நமக்கு வேண்டியிருந்தது ஒருவர் சற்று நிற்க, மற்றவர் செல்லும் ஒழுங்கு. லைன் கிளியர் இல்லாத அப்பாதை ஒவ்வொருவரும் தம்மைக் குறைத்துக்கொள்வதனாலேதான் ஓடுகிறது. நேற்றிரவு தந்தையார் பேசினார். "குரல் நன்றாகக் கேட்கிறதப்பா" என்றார்.