கடனோடு கடைத்தெருவும் வேண்டும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் தொழிலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பட்டம் பெற்ற எல்லோருக்கும் அரசுப் பணி கிட்டுவதில்லை. பிறந்த ஊரிலேயே தையற்கூடமோ, மாவு ஆலையோ, பழுதுபார்க்கும் பட்டறையோ நடத்தி, நால்வருக்கு வேலை கொடுக்கும் நிலையை நம் இளைஞர் எய்த வேண்டாமா?

அதற்குத் தடைகள் மூன்று உள. முதலாவது, முதலீடு. வங்கி ஈடு கேட்கிறது. ஈடு வைக்க நம்மிடம் நிலம் ஏது? செங்கற்பட்டு ஆட்சியர் திரெமன்கீர் அளித்த அறிக்கையின் பயனாக, 1892இல் சென்னை மாகாண அரசு நம்மவர்க்குப் பஞ்சமி நிலம் வழங்க ஆணையிட்டது. முதற் பத்தாண்டுகள் அதனை எவர்க்கும் விற்கலாகாது. பின்னரும் ஒடுக்கப்பட்டோர்க்கன்றிப் பிறர்க்கு விற்கலாகாது என்பது விதி. விதி ஏட்டில் நின்றது. நிலமோ பல ஊர்களில் பிறர் கைக்குப் போயிற்று. நிலமிழந்தவன் தண்டற்காரனை நாடுகிறான். பத்தாயிரத்துக்கு எழுதிக் கொடுத்து, எட்டாயிரத்து ஐந்நூறு பெற்று, நாளுக்கு நூறாக நூறு நாள் கட்டுகிறான்.

இரண்டாவது, இடம். பேருந்து நிற்கும் முச்சந்தியில் வாடகைக்குக் கடை கேட்டால், நம் தெருவின் பெயரைக் கேட்ட பின்னரே விடை வருகிறது. மூன்றாவது, வாடிக்கை. நம் குடியிருப்புக்குள் கடை வைத்தால் கூலி கிடைத்த நாளில்தான் வணிகம். மற்ற நாளில் கடன் கணக்குத்தான். நம் கைப்பட்ட உணவை வாங்கத் தயங்கும் ஊர்கள் இன்றும் உள. வாங்குவோர் இல்லாத கடைக்குக் கடன் மட்டும் கிடைத்தால், அது மேலும் ஒரு சுமையே.

அரசின் உதவிகள் இல்லாமல் இல்லை. தாட்கோ 1974இல் தோன்றியது. 2015இல் வந்த முத்ரா திட்டம் ஈடின்றிக் கடன் தருகிறது. தமிழக அரசு 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம், ஒன்றரைக் கோடி ரூபாய் வரம்புக்குள் 35 விழுக்காடு மூலதன மானியமும், 6 விழுக்காடு வட்டி மானியமும் வழங்குகிறது. மாவட்டத் தொழில் மையத்தில் இதற்கு விண்ணப்பிக்கலாம்.

வாடிக்கைக்கும் ஒரு வழி உண்டு. நம்மவர் பலர் அதனை அறியார். 2012ஆம் ஆண்டின் கொள்முதல் ஆணையும் 2018இல் அதற்கு வந்த திருத்தமும், மத்திய அரசுத் துறைகளும் நிறுவனங்களும் தம் கொள்முதலில் 25 விழுக்காட்டைக் குறு, சிறு தொழில்களிடம் பெற வேண்டும் என்கின்றன. அதனுள் 4 விழுக்காடு பட்டியல் சாதியினர், பழங்குடியினர் நடத்தும் தொழில்களுக்கு உரியது. விற்ற பொருளுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும் என்பது 2006ஆம் ஆண்டுச் சட்டம். இங்கே வாங்குவோர் சட்டத்தால் கட்டுண்டவர். சாதி பார்த்து விலக முடியாது. ஆனால் உத்யம் பதிவும் முறையான கணக்கும் இல்லாதவர் இந்த வாசலை நெருங்க இயலாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. அதனைக் கறியாக்கும் பணி, படித்த நம்முடையது. கழகக் கட்டிடத்தில் வாரம் ஒரு மாலை ஒதுக்குவோம். பதிவு, சாதிச் சான்று, திட்ட அறிக்கை, விலைப்புள்ளி ஆகியவற்றை எழுதித் தருவோம். தனியே நிற்கும் தையற்காரர் ஐவரை ஒரு கூட்டாக்கிப் பெரிய கொள்முதலுக்கு விண்ணப்பிக்கச் செய்வோம். ஊராட்சிகள் கட்டும் கடைகளில் நமக்குரிய பங்கை எழுத்து மூலம் கேட்போம்.

எழுத்தறிவித்த கழகம் இனித் தொழிலறிவிக்கட்டும்.