அண்டங்களின் நடுவே எழும் தாரைகள்



சித்திரை மாதத்து நள்ளிரவில், கண்டி மாநகரின் விளக்கொளியை விட்டு விலகி, ஹந்தானை மலைச்சரிவொன்றில் நின்று தெற்கு நோக்குவோமாயின், அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 40 பாகை உயரத்தில் சென்டாரஸ் என்னும் விண்மீன் குழு தோன்றும். மகாவலிப் பள்ளத்தாக்கின் பனிமூட்டம் இடங்கொடுத்தால், இருகண் தொலைநோக்கியில் அங்கே மங்கிய ஒளித்திட்டு ஒன்றைக் காணலாம். அது விண்மீன் அன்று. கோடானுகோடி விண்மீன்கள் அடங்கிய ஓர் அண்டம். அதன் தொலைவு ஏறத்தாழ 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டு. இலண்டன் நகரத்தார்க்கு அது அடிவானத்துக்கு மேல் எழுவதே இல்லை. நமக்கோ அந்தப் பேறு உண்டு.

இப்பேச்சை உங்கள் இல்லத்துக்குக் கொணரும் வானொலி அலைகளின் இனத்தைச் சேர்ந்த அலைகள், அவ்வண்டத்திலிருந்தும் வருகின்றன என்பதை 1949-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய அறிஞர்கள் கண்டனர். அவ்வலைகளைக் காணும் கண் நமக்கு இருக்குமாயின், அந்தத் திட்டு 8 பாகை நீளத்துக்கு, அதாவது பதினாறு முழுநிலவுகளை வரிசையாக அடுக்கினாற்போல், வானில் விரிந்து கிடக்கும்!

இதற்குக் காரணம் யாது? அண்டத்தின் நடுவே பெருங்கருந்துளை ஒன்று உளது. அதனை நோக்கி விழும் வாயு, சுழன்று தட்டாகித் தகிக்கின்றது. விழுவது அனைத்தும் விழுங்கப்படுவதில்லை. ஒரு பகுதி இருபுறமும் மெல்லிய தாரைகளாக, ஒளியின் வேகத்தை நெருங்கிப் பீறிடுகின்றது. மற்றொரு பகுதி அகன்ற வாயுப் பெருக்காக, நொடிக்கு நூறு, ஆயிரம் கிலோமீட்டர் என்ற கணக்கில் வெளியேறுகின்றது. எம்87 என்னும் அண்டத்தின் தாரையை ஹீபர் கர்ட்டிஸ் 1918-இலேயே கண்டிருந்தார். அதன் கருந்துளையின் நிழலைக் காட்டும் படமோ 2019-இல்தான் வெளிவந்தது. அவ்வண்டம் கண்டியின் உச்சி வானத்தை ஒட்டியே கடந்து செல்கின்றது.

இவ்வாராய்ச்சியில் நமக்கு அண்மையிலுள்ள ஒரு மலைக்கும் பங்குண்டு. நீலகிரி நம் மலையகத்தார்க்கு அந்நிய மண் அன்று. 1964-ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பின்னர் இங்குள்ள தோட்டங்களிலிருந்து சென்ற குடும்பங்கள் பல அங்கே குடியேறின. அம்மலையில் உதகமண்டலத்தருகே, கோவிந்த் சுவரூப் என்னும் வானியலறிஞர் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட வானொலித் தொலைநோக்கி ஒன்றை 1970-இல் அமைத்து முடித்தார். அதற்கு அவர் தேடியது சமநிலம் அன்று, சரிவு! உதகமண்டலத்தின் அகலக்கோடு 11 பாகை. சரிவும் 11 பாகை. ஆகவே கருவியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாயிற்று. ஒரே அச்சில் மெல்லத் திருப்பிக்கொண்டே ஒரு வான்பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். கண்டியிலாயின் 7 பாகைச் சரிவு போதும். அத்தகைய சரிவுக்கு இங்கே பஞ்சமில்லை.

உதகையார் நிலவையே அளவுகோலாக்கினர். நிலவு ஓர் அண்டத்தை மறைக்கும்பொழுது அதன் வானொலி ஒலி எவ்வாறு தேய்கின்றது என்பதைக் கொண்டு அதன் பருமனை நுட்பமாகக் கணித்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்ட தொலைவான பொருள்கள் இவ்வாறு அளக்கப்பட்டன.

வெளியேறும் வாயுவே புதிய விண்மீன்களுக்கு மூலப்பொருள். அது வற்றிவிட்டால் அண்டம் மலடாகும். ஆண்டுதோறும் எவ்வளவு வாயு வெளியேறுகிறது, எவ்வளவு விண்மீனாகிறது என்று இன்றைய ஆய்வாளர் கணக்குப் பார்ப்பது அதனாலேதான். ஆயினும் நாம் ஹந்தானையிலிருந்து கண்ட அதே அண்டத்தில், தாரை செல்லும் வழியிலுள்ள வாயுத்திரள்களை ஒட்டி, அண்மையில் பிறந்த நீல விண்மீன்கள் மின்னிக்கொண்டிருக்கின்றன.